சேற்றுக்குள்ள பிள்ளையை ஓட விடுங்கோ

ஜனவரி பிறந்தால் ஹரோவில் இருக்கிற தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான கேள்வி வரும். "மகனுக்கு நாளைக்குப் பள்ளியில கிராஸ் கன்ட்ரியாம். வெளியில 3 டிகிரி. விடாமல் மறிக்கிறதுக்கு என்னெண்டு மெயில் எழுதுறது?" அரை மணித்தியாலத்துக்குள் பத்துப் பதில் வந்துவிடும். ஆஸ்துமா எண்டு எழுதுங்கோ. கால் சுளுக்கிப் போச்சு எண்டு எழுதுங்கோ. தடிமன் எண்டு மட்டும் எழுதாதேங்கோ, அதை அவை கணக்கெடுக்க மாட்டினம். கடைசியில் யாராவது ஒருவர், போன வருடம் தான் அனுப்பிய மெயிலையே அப்படியே போட்டுவிடுவார். பெயரை மாற்றினால் போதும்.

அந்த மெயிலை எழுதாதேங்கோ என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நான் விளையாட்டு ஆசிரியையும் இல்லை, வைத்தியரும் இல்லை. ஹரோவில் இருபது வருடத்துக்கு மேலாக வாழ்கிற, இரண்டு பிள்ளைகளின் தாய். நாற்பது வயதுக்குப் பிறகு ஓடத் தொடங்கி, சில குளிர்காலங்களாக இந்தச் சேற்று ஓட்டத்தை நானே ஓடி வருகிறேன். இந்த நாடு எங்கட பிள்ளைகளுக்குச் சும்மா கொடுக்கிற நல்ல விஷயங்களில் ஒன்றை, சளி பிடிக்கும் என்ற பயத்தில் நாங்கள் தட்டிக் கழிக்கிறோம் என்பது என் கருத்து.

கடதாசித் துண்டைத் துரத்திய பெடியள்

கிராஸ் கன்ட்ரி மைதானத்தில் வட்டமாக ஓடுகிற ஓட்டம் அல்ல, தெருவோட்டமும் அல்ல. புல்வெளி, மேடு, பள்ளம், காட்டுப் பாதை, ஓடை என்று நிலம் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அதன்மேல் ஓட வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரைதான் இதன் பருவம். இங்கிலாந்து மிக மோசமாக இருக்கிற மாதங்களைப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். மழைக்காக ஓட்டத்தை நிறுத்த மாட்டார்கள்.

தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில். ஷ்ரூஸ்பரி, ரக்பி போன்ற பள்ளிகளில் ஒன்றிரண்டு பெடியள் முயலாக முன்னால் ஓடிக் கடதாசித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் வேட்டை நாய்களாக அந்தத் துண்டுகளைப் பார்த்துத் துரத்துவார்கள். 1868இல் லண்டனில் தொடங்கிய தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ், உலகின் மிகப் பழைய கிராஸ் கன்ட்ரிக் கழகம். தேம்ஸ் முயலும் வேட்டை நாய்களும் என்ற அந்தப் பெயரோடுதான் இன்றைக்கும் ஓடுகிறது.

இங்கிலாந்தின் முதலாவது தேசியப் போட்டி 1876இல் எப்பிங் காட்டில் நடந்தது. ஓடிய எல்லாரும் வழி தவறிப்போனார்கள்! போட்டியே செல்லாது என்று அறிவித்துவிட்டு, 1877இல் திரும்ப வைத்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தேசியப் போட்டி வளர்ந்து, இன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஓடுகிற நிகழ்வாக நிற்கிறது.

ஒலிம்பிக்கிலும் இந்த ஓட்டம் இருந்தது. 1912, 1920, 1924 என்று மூன்று தடவை. 1924 ஜூலை 12ஆம் திகதி பாரிஸில் 38 பேர் ஓடத் தொடங்கினார்கள், முடித்தவர்கள் 15 பேர். பலர் வழியிலேயே மயங்கி விழுந்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி வென்றார். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி இல்லை. அங்கே வீரர்களை விழுத்தியது ஜூலை மாதத்து வெயில். குளிரைப் பார்த்துப் பயப்படுகிற பெற்றோர் இதை ஒருக்கா யோசிக்க வேண்டும்.

செம்மண்ணும் களிமண்ணும்

"இந்தச் சேற்றுக்குள்ள என்னத்துக்கு ஓட வேணும், நல்ல நிலம் இல்லையோ?" என்று என் மாமி கேட்டார். நியாயமான கேள்விதான்.

வலிகாமத்துச் செம்மண்ணில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்ச் சேறு விளங்காது. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் கிளித்தட்டு விளையாடலாம். லண்டனுக்கு அடியில் இருப்பது களிமண். புவியியலாளர்கள் அதற்கு வைத்திருக்கிற பெயரே லண்டன் களிமண்தான். அது தண்ணீரைக் கீழே விடாது. ஹரோ குன்றின் உச்சியில், சென் மேரிஸ் தேவாலயம் நிற்கிற இடத்தில் கொஞ்சம் மணல் உண்டு. கீழே இறங்க இறங்கக் களிமண். குளிர்காலத்தில் வெயிலும் இல்லாததால் நவம்பரில் நனைந்த நிலம் மார்ச் வரைக்கும் காயாது. அதற்கு மேல் ஐந்நூறு பேர் ஆணிச் சப்பாத்தோடு ஓடினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. முதலாவது சுற்றில் புல்லாக இருந்தது மூன்றாவது சுற்றில் தோசை மாவு.

ஹம்ப்ஸ்டெட் ஹீத்தில் உள்ள பார்லிமென்ட் ஹில் இந்தச் சேற்றுக்குப் பேர் போனது. 98 மீற்றர் உயரம். மேலே நின்றால் லண்டன் முழுக்கத் தெரியும். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் தேசியப் போட்டி அங்கேதான் நடந்தது. எங்களுக்குத் தூரமும் இல்லை. ஹரோ அண்ட் வீல்ட்ஸ்டனில் ஏறி, வில்ஸ்டன் ஜங்ஷனில் மாறி, கொஸ்பல் ஓக்கில் இறங்கினால் எதிரிலேயே குன்று.

எட்டுக் கிலோமீற்றர்

நானும் ஒரு ஜனவரிக் கடைசியில் அங்கே ஓடினேன். பெண்களுக்கான எட்டுக் கிலோமீற்றர். காலையில் 2 டிகிரி. இரவு பெய்த மழை விட்டிருந்தது, காற்று விடவில்லை. கழகத்துக் கூடாரத்துக்குள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கையில்லாத மெல்லிய மேற்சட்டையோடு வெளியே வந்த அந்த ஐந்து நிமிடம்தான் உண்மையான குளிர். பல் அடித்தது. பக்கத்தில் நின்ற அறுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண், சப்பாத்தைச் சுற்றி ஒட்டு நாடாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏனென்று கேட்டேன். "போன வருடம் சேறு ஒன்றை வைத்துக்கொண்டுவிட்டது," என்றார். நானும் அவரிடம் வாங்கிச் சுற்றிக்கொண்டேன்.

தொடக்கமே ஏற்றம். நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே வரிசையில் நின்று, துப்பாக்கிச் சத்தத்தோடு குன்றை நோக்கி ஓடுவார்கள். நிலம் அதிர்வது காலில் தெரியும். முன்னால் ஓடுகிறவரின் சப்பாத்திலிருந்து சேறு முகத்தில் அடிக்கும். இருநூறு மீற்றரில் மூச்சு எரிந்தது. குன்றின் மேலே போனதும் குளிர் எங்கே போனதென்று தெரியவில்லை.

கீழே இறங்குவது ஏறுவதை விடக் கஷ்டம். குளங்களின் பக்கம் தாழ்ந்த இடத்தில் சேறு கணுக்கால் வரைக்கும். அங்கே ஓடுகிற முறையே வேறு. காலை நீட்டி வைத்தால் வழுக்கும். சின்னச் சின்ன அடியாக, கையை விரித்து, வயல் வரம்பில் நடக்கிற மாதிரிப் போக வேண்டும். வேகத்தைப் பற்றி யோசிக்க நேரமே இல்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் மனதில் இருக்கும். வீட்டுக் கடன், வேலைப் பிரச்சினை, மகளின் சோதனை எல்லாம் அந்த முக்கால் மணித்தியாலத்துக்கு எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம். கிராஸ் கன்ட்ரியில் பார்வையாளர்களுக்கு உங்கள் பெயர் தெரியாது. சட்டையில் இருக்கிற கழகத்தின் பெயரைச் சொல்லித்தான் கத்துவார்கள். எனக்கு ஹரோ. இருபது வருடமாக இந்த நாட்டில் என் பெயரை ஒழுங்காக உச்சரித்த வெள்ளைக்காரர்களை விரல் விட்டு எண்ணலாம். பாங்கிலும் வேலையிலும் அதை மூன்றாகப் பிரித்து முறித்துத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அந்தச் சேற்றில், முன்பின் தெரியாத ஆட்கள் மரத்தடியில் குடையோடு நின்று, "கமோன் ஹரோ! வெல் டன் ஹரோ!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்கள். நான் எந்த ஊர்க்காரி என்று ஒருவரும் கேட்கவில்லை. அது சட்டையில் எழுதியிருந்தது.

நாலாவது ஆளின் கணக்கு

முடிவுக் கோட்டுக்கு முன்னால் என்னை விட இளம் பெண்கள் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் முந்தினேன். வெற்றி ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் ஏற்கெனவே நூற்றுக்கணக்கானவர்கள் முடித்திருந்தார்கள். ஆனால் கூடாரத்துக்கு வந்ததும் எங்கள் அணிப் பொறுப்பாளர் ஓடிவந்து கையைப் பிடித்தார். "நீங்கள் எங்களுக்கு நாலாவது. அந்த இரண்டு இடமும் கணக்கில் சேரும்."

இந்த இடத்தைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கிராஸ் கன்ட்ரியில் நேரத்துக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு சேறும் ஒவ்வொரு மாதிரி என்பதால் போன வாரத்து நேரத்தை இந்த வார நேரத்தோடு ஒப்பிட முடியாது. கணக்கு இடத்துக்குத்தான். முதலாவதாக வந்தால் 1 புள்ளி, நூறாவதாக வந்தால் 100 புள்ளி. ஓர் அணியில் குறிப்பிட்ட எண்ணிக்கையான ஆட்களின் இடங்களைக் கூட்டுவார்கள். தேசியப் போட்டியில் ஆண்களுக்கு ஆறு பேர், பெண்களுக்கு நாலு பேர். கூட்டுத்தொகை குறைந்த அணிக்கு வெற்றி.

இதன் அர்த்தம் என்ன? அணியின் கெட்டிக்காரி முதலாவதாக வந்த பிறகு, அவள் எவ்வளவு தூரம் முன்னால் வந்தாள் என்பதால் அணிக்கு ஒரு புள்ளி கூடக் கூடப்போவதில்லை. ஆனால் நாலாவது ஆள் கடைசி நூறு மீற்றரில் இரண்டு பேரை முந்தினால் அணிக்கு இரண்டு புள்ளி இலாபம். கடைசியாகக் கணக்கில் சேருகிற ஆளின் உழைப்பில்தான் அணி வெல்வதும் தோற்பதும். கணக்கில் சேராத ஆட்களும் பிரயோசனம் இல்லாதவர்கள் அல்லர். அவர்கள் மற்ற அணியின் ஆளை முந்தினால் அந்த அணியின் தொகை கூடும்.

எங்கட வீடுகளில் பிள்ளைகள் படிக்கிற கணக்கு வேறு. பதினொரு வயதுச் சோதனையில் இடம் கிடைத்ததோ இல்லையோ. எத்தனை ஒன்பது. அரங்கேற்றம் எப்போது. முதலாவது வந்தால் பேஸ்புக்கில் படம் போடுவோம். இருபதாவதாக வந்தால் அதைப் பற்றிக் கதைக்கவே மாட்டோம். அந்த இருபதாவது பிள்ளைக்கு, உன் உழைப்பும் கணக்கில் சேருகிறது என்று சொல்லிக் கொடுக்கிற இடம் எங்கள் வாழ்க்கையில் எத்தனை இருக்கிறது? உதைபந்தாட்டத்தில் அணிக்குத் தெரிவு செய்தால்தான் விளையாடலாம். பாட்டுப் போட்டியில் மேடை ஒருவருக்குத்தான். இதற்குத் தெரிவே இல்லை. எல்லாரும் ஓடலாம்.

குளிர், தடிமன், நீரிழிவு

சரி, குளிருக்கு வருவோம். தடிமன் குளிரால் வருவதில்லை, வைரஸால் வருகிறது. குளிர்காலத்தில் அது கூடப் பரவுவது உண்மைதான். கதவையும் ஜன்னலையும் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே அறைக்குள் இருப்பது அதற்கு ஒரு காரணம். திறந்த வெளியில் இருபது நிமிடம் ஓடுவதை விட, சூடேற்றிய வகுப்பறையில் முப்பது பேரோடு இருப்பதில் தொற்றுகிற வாய்ப்பு அதிகம்.

ஓடும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் முக்கால் பங்கு அளவு சூடாகத்தான் வெளியே வருகிறது. அதனால் ஓடுகிற பிள்ளை விறைக்காது. கவனம் தேவைப்படுவது ஓடி முடிந்த பிறகு. வியர்வையும் சேறும் சேர்ந்து நனைந்த உடுப்போடு நின்றால் உடல்சூடு வேகமாக இறங்கிவிடும். அந்தப் பத்து நிமிடத்துக்குள் நனைந்ததைக் கழற்றிக் காய்ந்ததைப் போட வேண்டும். எங்கட அம்மாமார் செய்கிற மாதிரி மொத்தப் பருத்தி உடுப்பை உள்ளுக்குள் இரண்டு அடுக்குப் போட்டு அனுப்புவதுதான் ஆகக் கூடாத வேலை. பருத்தி தண்ணீரைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி நிற்கும். மெல்லிய விளையாட்டுச் சட்டை, கையுறை, காதை மூடுகிற தொப்பி போதும்.

உண்மையாகவே ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்று இழுப்பைக் கொண்டு வரலாம். அந்தப் பிள்ளைகள் வைத்தியரிடமோ ஆஸ்துமா தாதியிடமோ கேட்டு, இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாக உடலைச் சூடேற்றிவிட்டுத்தான் ஓட வேண்டும். இல்லாத ஆஸ்துமாவைக் கடிதத்தில் எழுதுகிறவர்கள், இருக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து அநியாயம் செய்கிறார்கள்.

நாங்கள் பயப்பட வேண்டிய வருத்தம் வேறொன்று. தெற்காசியர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வருகிற ஆபத்து வெள்ளையர்களை விட இரண்டு முதல் நான்கு மடங்கு என்று இங்கே சுகாதாரத்துறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. மற்றவர்களுக்கு 40 வயதுக்கு மேல் ஆபத்துக் கூடுகிறது என்றால் எங்களுக்கு 25 வயதிலிருந்தே. எங்களில் யாருடைய வீட்டில் மெற்ஃபோமின் குளிசை இல்லை? ஐந்து முதல் 18 வயது வரையான பிள்ளைகள் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும் என்பது பிரித்தானியத் தலைமை மருத்துவ அதிகாரிகளின் பரிந்துரை. நவம்பரில் நாலு மணிக்கு இருட்டி, காரில் ஏறி ரியூசனுக்குப் போய், காரில் ஏறி வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கே கிடைக்கும்?

நாங்கள் ஓடின ஓட்டம்

பெற்றோரின் பயத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு வேர் இருக்கிறது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதினாறு வயது. மழை. நாவற்குழிப் பாலத்துக்குப் போகிற வீதியில் சனம் அசைய இடமில்லாமல் நின்றது. குழந்தைகளின் தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு, வயது போனவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதையப் போனோம். வன்னியில் இருந்தவர்களுக்கு 2009இல் அதை விடக் கொடுமையான ஓட்டம். எங்கட தலைமுறைக்கு ஓடுவதென்றால் விட்டுவிட்டு ஓடுவது. மழையில் நனைவதென்றால் கூரை இல்லாமல் நனைவது. அப்படி வந்தவர்கள், தன் பிள்ளை காசும் கட்டி, தானாக விரும்பி, குளிர் மழையில் சேற்றுக்குள் இறங்குவதைப் பார்த்து முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு அந்தச் சேறு அப்படி இல்லை. என் மகள் முதல் தடவை ஓடிவிட்டு வந்தபோது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள். அவளுக்கு அது விளையாட்டு. ஓட்டம் முடிகிற இடத்தில் தாய் தேத்தண்ணியோடு நிற்கிறாள் என்று தெரிந்து ஓடுகிற ஓட்டம். நாங்கள் கடல் தாண்டி வந்ததே பிள்ளைகளுக்கு அப்படியொரு ஓட்டம் கிடைக்க வேண்டும் என்றுதானே?

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. வயதுக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள். "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்பதுதான் காரணம். ஆக்களுக்கு ஒரு பதில் முல்லைத்தீவில் இருக்கிறது. 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர்ப் போட்டியில், 72 வயதான அகிலத்திருநாயகி 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். அந்தப் படத்தை எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை பேர் பகிர்ந்தோம்! அதே குழுவில்தான் பதின்மூன்று வயது மகளை மறிக்கிற மெயிலையும் பகிர்கிறோம்.

ஹரோவில் பிறந்த டொக்டர், ஹவுன்ஸ்லோவில் ஓடிய அகதி

ஒரு மைலை நாலு நிமிடத்துக்குள் முதன்முதலில் ஓடிய ரொஜர் பானிஸ்டர் எங்கட ஹரோவில் 1929இல் பிறந்தவர். ஹரோ வீல்டில் உள்ள விளையாட்டு மையத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1954 மே 6ஆம் திகதி ஒக்ஸ்ஃபோர்டில் அவர் 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடியபோது மருத்துவ மாணவர். அன்று காலையும் லண்டனில் வைத்தியசாலைக்குப் போய்விட்டுத்தான் ரயில் ஏறினார். பிறகு பேர் பெற்ற நரம்பியல் நிபுணர் ஆனார். பிள்ளை டொக்டராக வேண்டும், ஓட நேரமில்லை என்கிற பெற்றோருக்கு வேறு உதாரணம் தேவையில்லை.

மற்றவர் மோ ஃபரா. குழந்தையாக ஆபிரிக்காவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்டவர். இன்னொருவரின் பெயரில் கடத்திக் கொண்டுவரப்பட்டதாகவும் ஒரு வீட்டில் வேலை செய்ய வைக்கப்பட்டதாகவும் 2022இல் அவரே வெளியே சொன்னார். மேற்கு லண்டன் பள்ளி ஒன்றில், ஆங்கிலம் சரியாகத் தெரியாத அந்தப் பிள்ளையின் ஓட்டத்தைக் கவனித்தவர் அலன் வொட்கின்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர். 1996இல், 13 வயதில், இங்கிலாந்துப் பள்ளிகளின் கிராஸ் கன்ட்ரியில் ஃபரா ஒன்பதாவதாக வந்தார். அடுத்த வருடம் முதலாவது. பின்னால் வந்த நாலு ஒலிம்பிக் தங்கங்களும் உலகத்துக்குத் தெரியும். அந்த ஆசிரியரிடம்தான் அந்தப் பிள்ளை தன் உண்மைக் கதையை முதலில் சொன்னது என்பதும் முக்கியம். எல்லாப் பிள்ளையும் ஃபரா ஆகப்போவதில்லை. மொழி சரியாக வராத பிள்ளைக்கும் ஒரு கதவு திறக்கும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஹரோப் பிள்ளைகள் பள்ளி மட்டத்தில் நன்றாக ஓடினால் எந்த அணிக்குப் போவார்கள் தெரியுமா? மிடில்செக்ஸ். அந்த மாவட்டத்தின் நிர்வாகத்தை 1965இலேயே கலைத்துவிட்டார்கள். அதற்கென்று ஒரு கவுன்சில் இல்லை, ஒரு அலுவலகம் இல்லை. அறுபது வருடம் ஆகியும் பிள்ளைகள் அதன் பெயரில் ஓடுகிறார்கள், அதன் பெயரில் வெல்கிறார்கள். நிர்வாகம் இல்லாத ஓர் ஊரின் பெயரை விளையாட்டும் மனிதர்களும் சேர்ந்து உயிரோடு வைத்திருப்பது எங்களுக்குப் புதிதாகத் தெரியாது.

என்ன செய்யலாம்

முதலாவது, சனிக்கிழமைப் பிரச்சினை. லண்டனின் வடக்கிலும் மேற்கிலும் உள்ள கழகங்கள் ஓடுகிற மெற்றோபொலிற்றன் லீக் அக்டோபரிலிருந்து பெப்ரவரி வரை சனிக்கிழமைகளில் நடக்கிறது. மொத்தம் ஐந்து நாட்கள்தான். எங்கட தமிழ்ப் பள்ளிகள் பலதும் அதே சனிக்கிழமை. தமிழா ஓட்டமா என்று பிள்ளையைத் தெரிவு செய்ய வைக்கக்கூடாது. அந்த ஐந்து நாளும் ஓடப் போகிற பிள்ளைக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பத் தமிழ்ப் பள்ளிகள் ஒத்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது, பழைய மாணவர் சங்கங்கள். கோடையில் கிரிக்கெட்டும் வலைப்பந்தும் கொத்துரொட்டியும் வைத்து ஆயிரம் பேரைக் கூட்ட எங்களால் முடிகிறது. 1904இலிருந்து மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் ஆடி வருகிற வடக்கின் பெரும் சமரைப் பற்றி லண்டனில் இருந்தும் மணிக்கணக்காகக் கதைக்கிறோம். குளிர்காலத்தில் ஒரு நாள், ஒரு பூங்காவில், பள்ளிக்கு ஆறு பேர் என்ற கணக்கில் ஒரு சேற்று ஓட்டம் வைத்தால் என்ன? தாத்தாவும் பேரனும் ஒரே அணியில் ஓடலாம். இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிக்கு முன்னால் ஊரில் ஓடிய மரதனை நினைத்துக்கொண்டு எத்தனை பேர் வருவார்கள் என்று பாருங்கோ.

மூன்றாவது, செலவு. முதல் ஓட்டத்துக்குப் பழைய சப்பாத்தே போதும். பிள்ளைக்குப் பிடித்துப் போனால் மட்டும் ஆணிச் சப்பாத்து வாங்குங்கோ. சேற்றுக்கு 12 அல்லது 15 மில்லிமீற்றர் ஆணி. காலுக்கு அளவான, நன்றாக இறுக்கக் கட்டக்கூடிய சப்பாத்தாகப் பாருங்கோ, இல்லாவிட்டால் சேறு பிடுங்கிக்கொள்ளும். பையில் ஒரு பெரிய துவாய், காய்ந்த உடுப்பு ஒரு சோடி, இரண்டு மேசு, சேற்று உடுப்பைப் போட இரண்டு பொலித்தீன் பை, போத்தலில் சுடச்சுடத் தேத்தண்ணி. கார் இருக்கையில் ஒரு பழைய சாரத்தை விரித்து விடுங்கோ.

போய் நிற்கும்போது முடிவுக் கோட்டில் நிற்காதேங்கோ. அங்கே எல்லாரும் நிற்பினம். பாதையின் ஆக மோசமான இடம், ஏற்றத்தின் நடுவில், ஒருவரும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கோ. உங்கட பிள்ளை வரும்போது பெயரைச் சொல்லிக் கத்துங்கோ. பிறகு அடுத்ததாக வருகிற பிள்ளையின் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பிள்ளைக்கும் கத்துங்கோ.